ஒரு துண்டு குறையுது

"மிச்சத்தக் கொண்டாந்தீங்களா?"

கண்ணாடிமேல் விழுந்து அடிபட்டு யார் வந்தாலும் கட்டுக்காரர் முதலில் கேட்பது இதைத்தான். வந்தவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். உள்ளங்கையில் ரத்தம் சொட்டச் சொட்ட ஓடி வந்தவன் உடைந்த டம்ளரையும் பொறுக்கிக்கொண்டா வருவான்? "வீட்டுக்கு போன் போடுங்க. பெருக்கிக் கொட்டிடாம அள்ளிட்டு வரச் சொல்லுங்க. செருப்பப் போட்டுக்கிட்டு அள்ளணும். இல்லன்னா அடுத்த ஆளா அவங்களும் இங்கதான் வந்து உக்காருவாங்க."

அந்தச் சிறிய மருத்துவமனையில் இருபத்தாறு வருடமாகக் காயங்களுக்கு மருந்து வைத்துக் கட்டுகிறார். அதனால்தான் கட்டுக்காரர். குளியலறையில் வழுக்கியவர்கள், மிதியடி தடுக்கியவர்கள், பாட்டிலோடு படியில் உருண்டவர்கள் எல்லாரும் அவரிடம் ஒரே வசனத்தைத்தான் சொல்வார்கள்: "லேசான கீறல்தாண்ணே." அவர் காயத்தைக் கழுவுவார். இடுக்கியால் எடுத்த சில்லுகளை வெள்ளைத் துணியில் பரப்பி, வீட்டிலிருந்து வந்த மிச்சத்தோடு ஒவ்வொன்றாகப் பொருத்துவார். அப்போது நாக்கின் நுனி வெளியே எட்டிப் பார்க்கும். எங்காவது இடைவெளி விழுந்தால் நிமிர்வார். "ஒரு துண்டு குறையுது. ஒண்ணு உங்க கட்டிலுக்கு அடியில கிடக்கு, இல்ல உங்களுக்குள்ள கிடக்கு."

பெரிய துண்டு செருகி நின்றால் மட்டும் தொடமாட்டார். "பிடுங்கினா குழாயத் திறந்துவிட்ட மாதிரி ஆயிடும். டாக்டரம்மா வரட்டும்."

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வீட்டுக் கூடத்தைத் துடைத்தார். தரை காய்வதற்குள் மனைவி கண்ணாடி ஜாடியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தார். வழுக்கியது. ஜாடி முதலில் விழுந்தது. அதன்மேல் அவர் விழுந்தார்.

சத்தம் கேட்டு ஓடி வந்தால், மனைவியின் முன்னங்கையில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு குத்திட்டு நின்றது. கட்டுக்காரரின் கை தன்னால் அதை நோக்கிப் போயிற்று.

"ஏங்க, பிடுங்காதீங்க!" முகம் வெளுத்திருந்தாலும் அந்த அம்மாளின் குரல் பிசகவில்லை. "ஊருக்கெல்லாம் சொல்றது மறந்துபோச்சா? சுத்தித் துணிய வச்சுக் கட்டுங்க. கையத் தூக்கிப் புடிங்க."

பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சொன்னதைச் செய்தார்.

டாக்டரம்மா துண்டை எடுத்து, தையல் போட்டு, எக்ஸ்ரேயும் பார்த்தார். "எல்லாம் வந்திடுச்சுண்ணே. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க." மனைவியைப் படுக்கவைத்துவிட்டு, கட்டுக்காரர் கூடத்தில் கிடந்த அத்தனையையும் வாரிச் சாப்பாட்டு மேசையில் கொட்டினார். காயத்திலிருந்து எடுத்ததையும் பொட்டலமாகக் கொண்டுவந்திருந்தார். மூன்று மணி நேரத்தில் ஜாடி எழுந்து நின்றது. கைப்பிடிக்குக் கீழே மட்டும் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு பொத்தல். அலமாரிகளை நகர்த்தினார், டார்ச் அடித்துத் தேடினார், துடைத்த துணியை உதறினார். கிடைக்கவில்லை.

சாயங்காலமே மனைவியை மறுபடி கூட்டிக்கொண்டு போய் நின்றார்.

"எக்ஸ்ரேல எதுவும் இல்லையேண்ணே" என்றார் டாக்டரம்மா.

"நேரா எடுத்த படம் அது. சாய்ச்சு வச்சு ஒண்ணு எடுங்க. எலும்பு மறைச்சிருக்கும்."

எடுத்தார்கள். இருந்தது. விரல்களை மடக்கும் நரம்பை ஒட்டி, குறுக்காகப் படுத்திருந்தது. இன்னும் இரண்டு நாள் கை அசைந்திருந்தால் நரம்பை அறுத்திருக்கும் என்றார் டாக்டரம்மா. "பக்கத்துல நில்லுங்கண்ணே, எடுத்திடலாம்."

"என்னால ஆகாது, டாக்டரம்மா."

ஆயிரம் காயம் பார்த்தவர் வராந்தாவில் போய், முழங்கால்களுக்கு நடுவே தலையைக் கவிழ்த்து உட்கார்ந்தார். யாரோ நோயாளி என்று நினைத்து ஒரு பெண் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக் குடித்தார்.

கை தப்பியது. மோதிர விரலும் சுண்டு விரலும் மட்டும் மடங்குவதற்கு இன்றுவரை முரண்டு பிடிக்கின்றன. தினமும் வேலைக்குக் கிளம்பும்போது, சட்டைப் பொத்தானைப் போட்ட கையோடு, கட்டுக்காரர் மனைவியின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தன் இரண்டு விரல்களை அவர் உள்ளங்கையில் வைக்கிறார்.

"அமுக்கு."

"இன்னும் எத்தன நாளைக்குங்க இந்தக் கூத்து?"

"அமுக்கு, சொல்றேன்."

அந்த அம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்குகிறார். கட்டுக்காரரின் நகங்கள் வெளுக்கின்றன.

"வலிக்குதா?"

"இல்லையே" என்கிறார் கட்டுக்காரர், கண்ணில் நீர் முட்ட. பிறகு இன்னொரு விரலையும் அந்தப் பிடிக்குள் நுழைக்கிறார்.