பெரியநாயகி ஏறாத கார்

கண்ணுசாமியிடம் கார் இருக்கிறது. அவர் மனைவி பெரியநாயகி பஸ்ஸில்தான் போவார். இருவருக்கும் சண்டை சச்சரவு எதுவும் இல்லை. கல்யாணம், காதுகுத்து, கிடாவெட்டு என்று எங்கே போவதானாலும் அந்த அம்மாள் அரசு டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொள்வார். பின்னாலேயே கண்ணுசாமி காலிக் காரை ஓட்டிக்கொண்டு போவார். மனைவியை முந்திக்கொண்டு விசேஷ வீட்டில் போய் இறங்கினால் நன்றாயிருக்காது என்று, பஸ் நிற்கிற நிறுத்தத்தில் எல்லாம் இவரும் நிற்பார். திருச்செங்கோட்டுப் பக்கத்துக் கண்டக்டர்களுக்கு இது பழகிவிட்டது. படியில் தொங்கியபடி, "மாமா, முன்னால பள்ளங்க, பாத்து வாங்க" என்று பின்னால் பார்த்துச் சொல்கிற அளவுக்குப் போய்விட்டது.

காரணம், காரில் அடிக்கிற வாடை. பதினைந்து வயதான கார். ஏசியைப் போட்டால் காற்று வருகிறதோ இல்லையோ, ஈரச் சாக்கு வாடை வரும். பெரியநாயகிக்கு உடனே தும்மல் பிடித்துக்கொள்ளும். ஒருமுறை வீட்டிலிருந்து சங்ககிரி போய்ச் சேருவதற்குள் நாற்பத்தோரு தும்மல். அன்றோடு காருக்கு ஒரு பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டார். ஏசியை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்துகொண்டு போனால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். ஏசி கார் வாங்கியவரிடம் அப்படிக் கேட்கக்கூடாது.

கண்ணுசாமி இருபத்தாறு வருஷம் போர்வெல் ரிக் வண்டிக்கு மேனேஜராக இருந்தவர். பெல்லாரி, ராய்ப்பூர், ஜபல்பூர் என்று பூமியில் ஓட்டை போட்டுக்கொண்டே அலைந்தார். வருஷத்துக்கு நாலு தடவை வீட்டுக்கு வந்தால் அதிகம். கடைசிப் பத்து வருஷம் சைட்டுக்கும் வீட்டுக்கும் இந்தக் காரில்தான் போய் வந்தார். வேலையை விட்டு ஊரோடு வந்தபோது அவருக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. பெரியநாயகியைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு நாலு இடம் போகவேண்டும். அறுபத்திரண்டு வயதில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் பஸ்ஸின் பின்கண்ணாடியில் அந்த அம்மாளின் கொண்டை தெரிகிறபோதெல்லாம் அவருக்கு வயிறு எரியும்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிபாளையத்தில் பெரியநாயகியின் அண்ணன் மகளுக்கு வளைகாப்பு. "வாடை போச்சுன்னா ஏறிக்கிறேனுங்க" என்று வாக்குக் கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை காலையிலேயே கண்ணுசாமி மெக்கானிக் வேல்முருகனின் பட்டறையில் போய் நின்றார்.

"ஏனுங்ண்ணா, ஏசி ஃபில்டர் எப்ப மாத்துனீங்க?" என்றான் வேல்முருகன்.

"அப்படி ஒண்ணு இருக்குதா?"

வேல்முருகன் இடது பக்கம் குனிந்து டேஷ்போர்டுப் பெட்டியைக் கழற்றினான். பின்னால் கைவிட்டு நோட்டுப் புத்தகம் அளவில் ஒன்றை உருவினான். மடிப்பு மடிப்பாகக் காகிதம் தெரியவேண்டிய இடத்தில் வெள்ளை வெளேரென்று மாவு அப்பியிருந்தது. கண்ணுசாமி அதில் ஒரு சிட்டிகை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். இருபத்தாறு வருஷ அனுபவம் பேசியது.

"பெல்லாரிக் கல்லு மாவு. அறுநூறு அடிக்குக் கீழ போனா இதுதான் வரும்."

"எதுவா வேணா இருக்கட்டுமுங்க. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாட்டிக்கலாம்."

"ஃபில்டரத் தூக்கிப் போடறதா? ரிக்குல ஊதி ஊதியே வருசக்கணக்கா ஓட்டிருக்கறோம். ஊதுனாச் செரியாப் போவுது."

பக்கத்துப் பட்டறையில் ஒரு ரிக் வண்டி வேலைக்கு நின்றிருந்தது. அதன் கம்ப்ரசர் ஆயிரம் அடி ஆழத்திலிருந்து கல்தூளை மேலே தள்ளுகிற சாமான். கண்ணுசாமி ஃபில்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குழாய்க்கு முன்னால் நின்றார். ஆபரேட்டர் இரண்டு தடவை யோசித்துவிட்டு, பெரியவர் சொல்கிறாரே என்று வால்வைத் திறந்தார்.

கொஞ்ச நேரத்துக்கு யாருக்கும் எதுவும் தெரியவில்லை. புகை அடங்கியபோது கண்ணுசாமியின் கையில் சட்டம் மட்டும் இருந்தது. காகிதம் சுவரைத் தாண்டிச் சோளக்காட்டுக்குப் போயிருந்தது. பட்டறையில் அத்தனை பேர் நெற்றியும் வெள்ளை. கூடவே கமகமவென்று கர்ப்பூர வாசனை. வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தவர் செருப்பைக் கழற்றினார். சாலையில் போன ஒருவர் மொபெட்டை நிறுத்திக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பெல்லாரியில திருநீறு வெளையுதுங்களா?" என்றான் வேல்முருகன்.

டார்ச் அடித்துப் பார்த்தான். பெட்டிக்கு மேலே இருந்த இடுக்கில் கைவிட்டால் பொட்டலம் பொட்டலமாகக் கோயில் திருநீறு வந்தது. திருச்செங்கோட்டு மலை, கபிலர்மலை, பழனி. மொத்தம் முப்பத்தெட்டு. பாதி கிழிந்து மாவெல்லாம் ஃபில்டருக்குப் போயிருந்தது. மீதி ஈரத்தில் ஊறிப் பூசணம் பிடித்திருந்தது.

கண்ணுசாமி ஒன்றுகூட வைத்ததில்லை. யார் வைத்தது என்று உடனே புரிந்துவிட்டது. அவர் சைட்டுக்குக் கிளம்புகிற ஒவ்வொரு தடவையும் பெரியநாயகி இடது பக்கக் கதவைத் திறந்து ஏதோ துடைப்பார். வீண்வேலை என்று இவர் ஹாரன் அடிப்பார். அதை நினைத்தபோது அவருக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

உன் திருநீறுதான் உன்னைத் தும்மவைத்தது என்று எந்த வாயால் சொல்வது? எலி செத்துக் கிடந்தது என்று சொல்லிவிடலாம் என முடிவு செய்தார். புது ஃபில்டரை மாட்ட வேல்முருகனுக்கு இரண்டு நிமிஷம் ஆனது. பொட்டலங்களை மஞ்சள்பையில் கட்டி, மலையடிவாரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெரியநாயகி பட்டுச்சேலையோடு கார்க் கதவைத் திறந்து மோந்து பார்த்தார்.

"வாடையே காணமுங்க. என்னதான் இருந்துச்சு?"

"எலி, அம்மணி."

பெரியநாயகியின் கை தன்னால் அந்த இடுக்குக்குப் போனது. உள்ளே துழாவியது.

"இங்க இருந்ததெல்லாம் எங்கீங்க?"

கண்ணுசாமி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், கம்ப்ரசர் உட்பட. அந்த அம்மாள் முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"அப்ப இப்ப வண்டியில ஒண்ணுமே இல்லீங்களா?"

"ஒண்ணுமே இல்ல. படு சுத்தம்."

"காப்பு இல்லாத வண்டியில நானும் ஏற மாட்டேன். உங்களையும் ஓட்ட உட மாட்டேன்" என்று சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

ஆக இருவரும் பஸ்ஸில் போனார்கள். இருவர் உட்காருகிற சீட். பெரியநாயகி ஜன்னலோரம். லாரிகள் கிளப்பிய புழுதியெல்லாம் முகத்தில் வந்து அடித்தது. அந்த அம்மாள் ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை. கண்ணுசாமி அதைக் கவனித்தார்.

கொஞ்ச தூரம் போனபிறகு பெரியநாயகி ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "கூட உக்காந்து வர எனக்குத்தான் குடுத்து வெக்கல. அந்தத் திருநீறாவது உங்க பக்கத்துல இருக்கட்டுமுன்னு வெச்சேனுங்க."

கண்டக்டர் வந்து நின்றார்.

"ரெண்டு பள்ளிபாளையம்" என்றார் கண்ணுசாமி. குரல் தேவைக்குமேல் பலமாக வந்துவிட்டது.

"மாமா, பொம்பளைங்களுக்கு ஃப்ரீங்க. உங்களுக்கு ஒண்ணு எடுத்தாப் போதும்."

"தெரியும் சாமி. ரெண்டாவே குடு."