எரிமலையில் சொன்ன ஓம்

பாலித் தீவில் எரிமலை ஏறும் ஒரு நாள் சுற்றுலாவுக்கு மகள் தனக்கு மட்டும்தான் இடம் பதிந்தாள். அவள் பல்கலைக்கழகம் முடித்த கையோடு நாங்கள் இருவரும் போகவிருந்த விடுமுறை அது.

"அம்மா, உங்களுக்கு ஏலாது. நீங்கள் கீழ கோப்பி குடிச்சுக்கொண்டு இருங்கோ" என்றாள்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது, முழங்காலும் சொல்வழி கேட்காது. ஆனால் ஏலாது என்று யாராவது முகத்துக்கு நேரே சொன்னால் எனக்கு வீம்பு வந்துவிடும். நாங்கள் இருக்கும் லூயிஷாமில், நகரசபை தந்த எங்கள் கவுன்சில் வீடு ஒன்பதாம் மாடி. நான்கு மாதம் லிப்டைத் தொடாமல், கடைப் பைகளோடும் படியேறினேன். கடைசியில் அவளே எனக்கும் பதிந்தாள்.

"இடையில நிண்டீங்கள் எண்டால் நானும் உங்களோட இறங்க வேணும், அம்மா."

அது தெரிந்துதான் ஏறினேன். என்னால் அவளுடைய மலையேற்றம் பாதியில் நின்றுவிடக்கூடாது.

காலை வெயிலில் கருஞ்சரளை சறுக்கியது. இரண்டடி வைத்தால் ஓரடி கீழே வந்தது. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் நான் நின்றுவிட்டேன். வழிகாட்டி திரும்பி வந்து, "மேடம், திரும்பிப் போவோமா? இல்லை, ஏலுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். மூச்சு வாங்கும்போது எனக்கு ஆங்கிலம் வராது. "ஓம்" என்றேன். எங்கள் ஊர்ப் பேச்சில் ஓம் என்றால் ஆமாம்; ஏலும் என்றுதான் சொன்னேன். திரும்பச் சம்மதித்துவிட்டேன் என்று நினைத்து மகளின் முகம் வாடிவிட்டது.

வழிகாட்டியோ கைகூப்பித் தலை குனிந்தார். மற்றவர்களையும் சத்தம் போடாமல் நிற்கச் சொன்னார். அவர்கள் ஊரில் பிரார்த்தனை அந்தச் சொல்லில்தான் தொடங்குமாம். ஞாயிறு தவறாமல் தேவாலயத்தில் பூசை காணும் வேதக்காரி நான், மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். நான் திருத்தவில்லை. கண்ணை மூடி, மூச்சு சீராகும்வரை நின்றேன். பிறகு நடந்தேன். உச்சி வருவதற்குள் இன்னும் இரண்டு தடவை ஓம் சொன்னேன், அது இரண்டும் வேண்டுமென்றே. மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி பின்னால் வந்தாள்.

உச்சியில் பாறை இடுக்குகளில் ஆவி வந்துகொண்டிருந்தது. கீழே ஏரி. நான் ஏறிவிட்டேன் என்று உரக்கச் சொல்ல வேண்டும் போலிருந்தது, சொன்னேன்.

வழிகாட்டி மரியாதையாக மகளிடம், "உங்கள் அம்மா கோயிலில் பூசை செய்பவரா?" என்று கேட்டார்.

நான் பள்ளிக்கூடக் குசினியில் சமைக்கிறேன். அது மகளின் சிநேகிதிகள் ஒருவருக்கும் தெரியாது. அம்மாவுக்குப் பள்ளிக்கூட ஒபிசில் வேலை என்றுதான் அவர்களிடம் சொல்லி வைத்திருந்தாள். எனக்கு அது தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது.

அவள் என் தோளில் கை போட்டாள். கூட வந்த எல்லாருக்கும் கேட்கும்படி ஆங்கிலத்தில் சொன்னாள்: "இல்லை. என் அம்மா பள்ளிக்கூடக் குசினியில் வேலை செய்கிறா. முன்னூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிறா."