சமையலறையில் அடித்த மணி

முனிரத்தினத்தின் கைகள் மோடத்தின் வயரைப் பிடுங்கி, முனையை வெட்டி, புது கிளிப் போட்டுச் சொருகின. பச்சை விளக்கு எரிந்தது. இரண்டு கம்ப்யூட்டரிலும் இன்டர்நெட் வந்தது. அது நிலைக்கும் என்று அவன் நம்பவில்லை. இந்தத் திருப்பதி வீட்டுக்கு அவன் வருவது மூன்றாம் தடவை. இன்னொரு புகார் வந்தால் வேலை கிடையாது என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டார்.

"காலம்பர ஆனா நின்னு போறது. நோக்கு வேலை தெரியலை," என்றார் வீட்டுக்காரர் வேதாந்தம்.

சித்தூர்ப் பக்கத்துக் கூலிக் குடும்பத்தில் பிறந்து, பழுதான மோடங்களைப் பிரித்துப் பிரித்தே தொழில் கற்றவனுக்கு அந்த ஒரு சொல் போதும், உடம்பு கொதிக்க.

அப்போது கூடத்தில் போன் அடித்தது. கூடவே சமையலறைக்குள்ளும் ஒரு மணி அடித்தது. மோடத்தின் விளக்கு அணைந்தது.

"உள்ள இன்னொரு போன் கீதா? மூணு வாட்டி கேட்டேனே சாமி, ஒண்ணுதான்னீங்களே! காலைல போன் வரப்பல்லாம் இதான் நெட்டை நிறுத்துது!"

"சொன்னா உள்ளே வந்து பார்க்கணும்பே. மடி போயிடும்."

"உங்க மடி நிக்கணும், என் சோறு போவணுமா?"

மணி அடித்தாலும் இன்டர்நெட் அறாமலிருக்க ஒவ்வொரு போனுக்கும் மாட்ட வேண்டிய ஃபில்டர் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தான். சமையலறை வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டான்.

"நீங்களே மாட்டுங்க. கிளிக்குனு சத்தம் வரணும். வரல. திருப்பிப் போடுங்க. உங்களுக்கு வேலை தெரியல சாமி!"

நாலாம் முறை சத்தம் வந்தது. தன் செல்போனிலிருந்து அந்த வீட்டுக்கு அழைத்தான். இரண்டு மணியும் அடித்தன, விளக்கு அணையவில்லை.

புகார்ச் சீட்டில், 'கோளாறு: வீட்டார் மறைத்த சமையலறை போன்' என்று நிறுத்தி நிதானமாக எழுதி, கையெழுத்துக்காக அவரிடம் நீட்டினான்.