ஜெசிந்தா கொட்டிய குவியல்

எங்கள் பனியன் கம்பெனியில் சண்டை வந்தால் தீர்த்து வைப்பவன் நான்தான். திருப்பூரில் சூப்பர்வைசருக்கு அது பாதி வேலை. செல்போன் எங்களுக்கெல்லாம் புதிதாக வந்திருந்த அந்தச் சமயத்தில், தூத்துக்குடிப் பக்கமிருந்து ஜெசிந்தா வேலைக்குச் சேர்ந்தாள். தைத்த பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறை வெட்டும் வேலை. கொஞ்ச நாளில் டைலர்கள் தங்கள் சண்டையை அவளிடம் கொண்டுபோக ஆரம்பித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. நேற்று வந்தவளிடம் அப்படி என்ன இருக்கிறது?

ஒருநாள் எக்ஸ்போர்ட் பனியனில் சைஸ் கலந்துவிட்டது. துணியை சைஸ் வாரியாக வெட்டி, பண்டல் கட்டித் தரும் கட்டிங் மாஸ்டரும் நானும் சட்டையைப் பிடிக்காத குறைதான்.

“ஏனுங்க, உங்காளுங்க பண்டலை மாத்தித் தச்சுப்போட்டு என்மேல பழி போடறீங்களா?” என்று அவர் கத்தினார்.

ஜெசிந்தா எங்கள் நடுவில் ஒரு குவியல் பனியனைக் கொட்டி, ஆளுக்கொரு சின்னக் கத்தரியைக் கொடுத்தாள்.

“உக்காருங்கண்ணே. இந்தப் பிசிறையெல்லாம் வெட்டிருவோம். பெறவு பேசலாம்.”

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுக்க முடியாமல் உட்கார்ந்தோம். அவளும் கூடவே உட்கார்ந்து வெட்டினாள். குனிந்து நூலைத் தேடித் தேடி வெட்டியதில் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

குவியல் தீரும்போது மாஸ்டர், “கலந்ததை ஆளுக்குப் பாதியா எடுத்து சைஸ் வாரியாப் பிரிச்சுப்போடலாமுங்க” என்றார். நானும் தலையாட்டினேன்.

தப்பு யாருடையது என்று அவள் கேட்கவே இல்லை. எந்தச் சண்டையிலும் நான் முதலில் கேட்பது அதைத்தான்.

டைலர்கள் ஏன் அவளிடம் போனார்கள் என்று அன்று புரிந்தது. புரிந்த பிறகு வயிறு இன்னும் அதிகமாகத்தான் எரிந்தது.