டாம் டிரான்டர் எங்கே போனார்

பிரிட்ஜ்நார்த் கறிக்கடையில் இருபத்தெட்டு வருஷம் நின்று பன்றிக்கறியும் சாசேஜும் எடைபோட்டுக் கொடுத்த தெல்மா பிரீஸுக்கு, ஓய்வு பெற்ற பிறகு வாய்த்த சிநேகிதர்களில் முக்கால்வாசிப் பேர் செத்துப்போனவர்கள்.

ஊர் வரலாற்றுக் குழு பழைய மரண விசாரணைப் பதிவேடுகளைப் படித்து அட்டவணை போட ஆள் தேடியபோது, சட்டென்று கை தூக்கியவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாம் சர்ச் ஏடுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

"கல்யாண ஏட்டுல என்ன இருக்கு? ரெண்டு பேரு, ஒரு தேதி," என்பார் தெல்மா. "இதுல பாரு, அந்தாளு கடைசியா என்ன சாப்பிட்டான், பக்கத்து வீட்டுக்காரிகிட்ட என்ன சொல்லிட்டுப் போனான், எல்லாம் இருக்கு."

அது உண்மைதான். அந்தக் காலத்தில் யாராவது எதிர்பாராமல் செத்தால், பக்கத்தில் இருந்த பப்பின், அதாவது மதுக்கடையின், குதிரை லாயத்தில் உடலைக் கிடத்துவார்கள். மாடியில் விசாரணை அதிகாரி உட்கார்ந்திருப்பார். ஊர் ஆண்கள் பன்னிரண்டு பேர் ஜூரியாகக் கீழே போய்ப் பார்த்துவிட்டு, முகம் வெளுத்து மேலே வருவார்கள். பிறகு சாட்சிகள் ஒவ்வொருவராகப் பேசுவார்கள், எழுத்தர் அதை எழுதிக்கொள்வார். வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்தவர், பந்தயம் கட்டி வேகவைத்த முட்டையை முழுசாக விழுங்கியவர், கிணற்றில் வாளியை எடுக்கப் போனவள். படிக்கப் படிக்கத் தெல்மா அவர்களிடம் பேசவே ஆரம்பித்துவிட்டார். "ஐயோ கண்ணு, வாளி போனா போகட்டும்னு விட்டிருக்கக் கூடாதா?" என்று அவர் சத்தமாகச் சொல்ல, நூலகத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

சாயங்காலம் டீ மேஜையில் கணவர் ராய் கேட்பார், "இன்னைக்கு யாரு?"

"தச்சன் ஒருத்தன். ஏணி சறுக்கிடுச்சு."

"நல்லவனா?"

"ரொம்ப நல்லவன். அஞ்சு பிள்ளைங்க."

"அப்ப இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கோ," என்பார் ராய். தபால்காரராக இருந்தவர். இப்போது செவர்ன் ஆற்றில் தூண்டில் போடுவதைத் தவிர அவருக்கு வேறு வேலை கிடையாது.

இத்தனை பேருடைய சாவையும் படித்துவிட்ட தெல்மாவுக்குத் தன் சொந்தக் கொள்ளுத்தாத்தா எப்படிச் செத்தார் என்று தெரியாது. தேடவேண்டும் என்று தோன்றியதும் இல்லை. டாம் டிரான்டர் ஓடிப்போனவர், அவ்வளவுதான். 1904 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, மனைவி ஹன்னாவையும் நாலு பிள்ளைகளையும் விட்டுவிட்டுப் போனார். அதிலும் மூத்த மகன் எர்னஸ்டின் பூட்ஸையும் எடுத்துக்கொண்டு போனார் என்பதுதான் குடும்பத்தில் ஆறாத புண். புது அடி தைக்கக் கொடுத்திருந்த பூட்ஸ். அஞ்சு மணிக்கு வந்து வாங்கிக்கொண்டு போனார் என்று செருப்புத் தைப்பவர் சொன்னார். வுல்வர்ஹாம்ப்டன் சாலையில் நடந்து போனதைப் பார்த்தேன் என்று ஓர் அண்டைவீட்டுக்காரர் சொன்னார். பூட்ஸை விற்று ரயிலேறி, அங்கிருந்து அமெரிக்கா போய்விட்டார் என்று ஊர் முடிவு கட்டியது. எட்டு வயது எர்னஸ்ட், அம்மாவின் பழைய செருப்பில் துணியை அடைத்துப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். வளர்ந்த பிறகு வீட்டிலிருந்த ஒரே புகைப்படத்தில் அப்பாவின் முகத்தைக் கத்தரித்து எடுத்தார். அந்த எர்னஸ்டின் மகள்தான் ஐவி, தெல்மாவின் அத்தை. எண்பத்தெட்டு வயதில் முதியோர் இல்லத்தில் இருந்துகொண்டு, அப்பாவின் கோபத்தை அப்படியே காப்பாற்றி வந்தார்.

ஒரு மார்ச் மாதம் தெல்மா 1904 ஏட்டுக்கு வந்தார். ஒரு பால்காரர் ஆற்றில் விழுந்து இறந்த வழக்கு. சாட்சி சொல்கிறார்: 'சனிக்கிழமை பதின்மூன்றாம் தேதி சாயங்காலம் ஆற்றோரப் பாதையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறிவிட்டது. பனிமூட்டமும் சேர்ந்துகொண்டது. கரை எது, ஆறு எது என்று தெரியவில்லை.'

தெல்மாவின் பென்சில் நின்றது. அது டாம் போன அதே சனிக்கிழமை. அந்தச் செருப்புத் தைப்பவரின் வீடும் ஆற்றோரப் பாதையில்தான் இருந்தது.

அந்த வாரம் முழுக்க அவர் சரியாகத் தூங்கவில்லை. மாவட்டத்தில் அந்த வருஷத்து ஏடுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டிரான்டர் என்று ஒருவரும் இல்லை.

"இல்லைன்னா இல்லைதான், ராய். ஓடித்தான் போயிருக்கான். நான்தான் கிறுக்குப் பிடிச்சு அலையறேன்."

ராய் தூண்டில் நூலைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே கேட்டார், "எங்க தேடுன?"

"இங்கதான். நம்ம மாவட்டத்துல."

"ஏம்மா, வெள்ளத்துல என் மிதவை அறுந்து போனா நான் நின்ன இடத்துலயா தேடுவேன்? கீழ போய்த்தான் தேடுவேன். மாவட்ட எல்லை வந்திருச்சுன்னு ஆறு நின்னுக்குமா?"

தெல்மா எழுந்து போய் அவர் வழுக்கையில் ஒரு முத்தம் கொடுத்தார். "நாப்பத்தஞ்சு வருஷத்துல இன்னைக்குத்தான் உருப்படியா ஒண்ணு சொல்லியிருக்க."

உடல் எங்கே கரை ஒதுங்குகிறதோ, அந்த ஊர் அதிகாரிதான் விசாரிப்பார். இத்தனை வருஷம் இந்த வேலை பார்த்தவருக்கு இது தெரியாததல்ல. தன் வீட்டு விஷயத்தில் மட்டும் தோன்றவில்லை.

பக்கத்து மாவட்டத்து ஆவணக் காப்பகம் வூஸ்டரில். அங்கே பெத்தன் என்ற இளம்பெண் முதலிலேயே எச்சரித்தார். "விசாரணைக் காகிதங்க நிறைய தங்கல, மிசஸ் பிரீஸ். பாதிக்கு மேல எப்பவோ போயிருச்சு. 1904 மார்ச், ஏப்ரல் கட்டு ஒண்ணு இருக்கு. ஆனா டிரான்டர்னு அதுல யாரும் இல்ல, நான் பாத்துட்டேன்."

"பேரே இல்லாதவங்க இருக்காங்களா?"

பெத்தன் அவரை ஒரு கணம் பார்த்தார். "மூணு பேர் இருக்காங்க," என்று சொல்லி உள்ளே போனார்.

நாடா கட்டிய காகிதக் கட்டு வந்தது. இரண்டாவதுதான் அது. மார்ச் 22, ஆற்றில் கீழே உள்ள பியூட்லி ஊர். பெயர் தெரியாத ஆண், வயது முப்பத்தைந்து இருக்கலாம், ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டவர், ஒரு மாதத்துக்கு மேல் தண்ணீரில் கிடந்தவர். இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை, பழைய இழப்பு. உடலைக் கழுவிக் கிடத்திய பப்காரரின் மனைவி சுசன்னா யாப் சாட்சி சொல்லியிருந்தார்: 'முகத்தைப் பற்றி என்னால் சொல்ல முடியாது. காலுறைகள் நேர்த்தியாகத் தைத்து ஒட்டுப் போடப்பட்டிருந்தன. இவரை ஒருத்தி நன்றாகக் கவனித்துக்கொண்டிருக்கிறாள். கோட்டுக்குள்ளே, கழுத்தில் கயிறு முடிந்து, சிறு பையனுக்கான பூட்ஸ் ஒரு ஜோடி தொங்கியது. அடி புதிது. நனையாமலிருக்கக் கோட்டின் பொத்தான்களை மேலே வரை போட்டிருந்தார்.'

தெல்மா அந்தக் காகிதத்தின் மேல் கண்ணீர் விழுந்துவிடக் கூடாதென்று நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். பெத்தன் சத்தமில்லாமல் ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டினார்.

அத்தையிடம் சொல்வதற்குப் பத்து நாள் ஆனது. அதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டியிருந்தது. முதியோர் இல்லத்தில், ஐவி அத்தை அறையில், மேஜை இழுப்பறையில் எர்னஸ்ட் கத்தரித்த அந்தப் படம் இருந்தது.

"அந்தச் சனியன் படம் எதுக்குடி உனக்கு?"

"சும்மா பாக்கத்தான் அத்தை."

ஹன்னா உட்கார்ந்திருக்கிறார். பின்னால் நிற்கும் ஆளுக்கு முகம் இருந்த இடத்தில் வட்டமாக ஓட்டை. ஆனால் இடது கையை மனைவியின் தோள்மேல் வைத்திருக்கிறார். அதை எர்னஸ்ட் வெட்டவில்லை. வெட்டியிருந்தால் அம்மாவின் தோளையும் வெட்டியிருக்க வேண்டும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார் தெல்மா. மூன்று விரல்.

"அத்தை, இவருக்கு விரல் என்னாச்சு?"

"கம்பள ஆலையில மெஷின் தின்னுடுச்சு. மொத்தமா தின்னிருந்தா நல்லாயிருந்திருக்கும்."

தெல்மா கட்டிலில் உட்கார்ந்து, பிரதி எடுத்து வந்த தாள்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். ஐவி அத்தைக்குக் கோபம்தான் வந்தது.

"இப்ப வந்து சொல்ற? எங்கப்பா போய் நாப்பத்து மூணு வருஷமாச்சு. சாகற அன்னைக்குக்கூட அந்தாளைத் திட்டிட்டுத்தான் செத்தாரு. எதுக்குடி இதையெல்லாம் கிளறுறே? போ, வெளிய போ."

தெல்மா எழுந்து கோட்டை மாட்டினார். கதவு வரை போனதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அந்த பூட்ஸ் என்னாச்சு?"

"பப்காரம்மாகிட்டயே குடுத்துட்டாங்கன்னு எழுதியிருக்கு அத்தை. கழுவிக் கிடத்தினதுக்கு."

"அவளுக்குப் பிள்ளைங்க இருந்துச்சா?"

"மக்கள்தொகைக் கணக்குல பாத்தேன். ஆறு."

ஐவி அத்தை மெல்லத் தலையாட்டினார். "அப்ப எவனோ ஒருத்தன் போட்டிருப்பான். நல்ல தோலு வீணாப் போகல." மூக்கைச் சிந்திக்கொண்டு, "தாத்தாவை எங்க புதைச்சாங்க?" என்று கேட்டார்.

அவர் வாயில் 'தாத்தா' என்ற சொல்லைத் தெல்மா கேட்டது அதுதான் முதல் தடவை.

ஏப்ரல் கடைசியில் மூவரும் பியூட்லி போனார்கள். ராய் கார் ஓட்டினார். பின்னால் மடக்கு சக்கர நாற்காலி. வழி முழுக்க அத்தை அவர் ஓட்டுவதைக் குறை சொல்லிக்கொண்டே வந்தார். "தபால் வண்டின்னு நெனப்பா உனக்கு? ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நிறுத்தறே!" ஏழைகளைப் புதைத்த மூலையில் கல் எதுவும் கிடையாது. சுவரோரம் புல்லும் காட்டு வெங்காயப் பூவும்தான். எந்த இடம் என்று யாருக்கும் தெரியாது. அத்தை சுவர் முழுவதையும் ஒருமுறை பார்த்தார். கைப்பையிலிருந்து ஒரு சின்ன வட்டக் காகிதத்தை எடுத்தார்.

தெல்மா குனிந்து பார்த்தார். கத்தரித்த முகம். மீசையும், சிரிப்பை அடக்கிக்கொண்ட மாதிரி வாயுமாக ஓர் இளைஞர்.

"அத்தை! இது எங்கிருந்து?"

"எங்கப்பாவோட பைபிள்ல இருந்துச்சு. அவரு செத்தப்புறம் பாத்தேன். வெட்டினவரு தூக்கிப் போடல, பாத்தியா." அத்தை அதைப் புல்லின் பக்கம் திருப்பி ஒரு நிமிஷம் பிடித்திருந்தார். "எர்னஸ்ட் பெரிய ஆளா வளந்தாரு. கால்ல குறையில்லாம நடந்தாரு. தெரிஞ்சுக்கோங்க." பிறகு அதைத் திரும்பப் பைக்குள் வைத்துப் பூட்டினார். "பசிக்குது. மீனும் சிப்ஸும் எங்க கிடைக்கும்?"

ஆற்றங்கரை பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வினிகர் போதவில்லை என்று அத்தை ராயை இரண்டு தடவை கடைக்கு அனுப்பினார்.

தெல்மா எழுதிக் கொடுத்த ஆதாரங்களைப் பார்த்து, காப்பகத்தில் அந்தப் பதிவின் கீழ் ஒரு குறிப்புச் சேர்க்க ஒப்புக்கொண்டார்கள். செய்தி அத்தைக்கு எட்டிய மறுநாள் காலை, பெத்தனின் தொலைபேசி மணி அடித்தது.

"நான் ஐவி டிரான்டர். எங்க தாத்தா பேரை எப்படிப் போட்டிருக்கீங்க, படி பாப்போம்."

"'பிரிட்ஜ்நார்த்தைச் சேர்ந்த டாம் டிரான்டராக இருக்கலாம்'னு போட்டிருக்கோம், மேடம்."

"டாம் இல்லம்மா. தாமஸ் ஹென்றி. முழுசா எழுது. 'இருக்கலாம்'னு என்ன இழுப்பு? விரலை எண்ணிப் பாத்தாச்சே!"

ஆதாரம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் அப்படி எழுதுவதுதான் முறை என்று பெத்தன் பொறுமையாக விளக்கினார். கால் மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் 'பெரும்பாலும் இவரே' என்பதில் இருவரும் சமாதானமானார்கள்.