டப்பாவில் இல்லாத வசனம்

ஈஸ்டர் ஆராதனை முடிந்து பாடகர் குழு எடுத்த புகைப்படத்தில் என் கழுத்து ஒரு பக்கம் வீங்கித் தெரிந்தது. "சோறு கூடிப்போச்சு" என்று சிரித்துத் தள்ளிவிட்டேன். தாலிச் சங்கிலி அழுத்தத் தொடங்கியபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

இதே நிலையில் இருக்கும் உங்களுக்காக எழுதுகிறேன். கட்டியால் பட்டதைவிட, முடிவெடுப்பதற்குள் நான் பட்ட பாடுதான் பெரிது.

ஊசிப் பரிசோதனையில் (மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து செல்களை எடுத்துப் பார்ப்பது) புற்றுநோய் என்று வந்தது. ஆரம்ப நிலைதான், தைராய்டை (தொண்டைக்கு முன்னால் இருக்கும் சுரப்பி) முழுவதும் எடுத்துவிட்டால் குணமாகும் என்றார் டாக்டர். அவர் வங்காளிப் பெண்மணி, என் வயதுதான் இருக்கும். நாங்கள் வங்காளத்தில் குடியேறிய தமிழர்கள், அவரோடு வங்காள மொழியில்தான் பேசிக்கொண்டோம். கடைசியாக இன்னொன்றும் சொன்னார். குரல்நாண்களுக்கு (ஒலி எழுப்பும் மடிப்புகள்) போகும் நரம்பு அந்தச் சுரப்பியை ஒட்டியே போகிறதாம். குரல் மாறலாம். அபூர்வமாக, திரும்பாமலும் போகலாம்.

புற்றுநோய் என்றபோது அழாத நான் இதற்கு அழுதேன். எங்கள் தமிழ்ச் சபையில் உச்சக் குரல் பாடுகிறவள் நான். நியூ டவுனில் இருக்கும் வீட்டிலிருந்து ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் பயணப்படுவது பிரசங்கத்துக்காக என்றால் அது சுத்தப் பொய்.

"ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்" என்றேன். இரண்டு வாரத்துக்குள் சொல்லுங்கள் என்றார் டாக்டர்.

எங்கள் வீட்டில் பழைய சந்தேஷ் (வங்காளத்துப் பால் இனிப்பு) டப்பா ஒன்று உண்டு. புத்தாண்டுக் காலையில் சபையார் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். அதிலுள்ள வேதவசனம் அந்த வருடத்துக்கு ஆண்டவர் தருவது. மிஞ்சிய அட்டைகள் அந்த டப்பாவில் கிடந்தன. தினமும் காலையில் ஜெபித்துவிட்டு ஒன்றை எடுத்தேன். முதல் நாள், பயப்படாதே. அடுத்த நாள், சமாதானம். அதற்கடுத்த நாள், காத்திரு. பார்த்தீர்களா, அவரே காத்திருக்கச் சொல்கிறார்! இரண்டு வாரம் ஐந்து வாரமாயிற்று.

என் கணவர் ஜெபராஜ் லேசில் கோபப்படமாட்டார். அன்று பட்டார்.

"ஏ பிள்ள, வேதாகமத்தை முழுசாப் புரட்டினாலும் 'ஆபரேஷனுக்குப் போ'ன்னு ஒரு வசனம் கிடையாது."

"உங்களுக்கு விசுவாசம் பத்தாது."

"எனக்கு நீ வேணும். அம்புட்டுதான்."

வண்டியை வரவழைத்து என்னை ஏற்றி, தானும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். டாக்டர் திட்டவில்லை. "உங்க கடவுள் என்ன சொன்னார்?" என்றார். அட்டைகளைப் பற்றி விளக்கினேன். ஆர்வமாகக் கேட்டுவிட்டு, "எந்த வசனம் போடணும்னு யார் முடிவு பண்றது?" என்றார்.

"நான்தான்."

சொன்ன பிறகுதான் அது எனக்கே உறைத்தது. டிசம்பர் தோறும் வசனங்களைப் பொறுக்கி, அச்சடித்து, கத்தரிப்பது நான்தான். புத்தாண்டும் அதுவுமாக யார் மனமும் கோணக்கூடாதென்று எழுந்திரு, புறப்படு, விட்டுவிடு என்கிற வசனங்களையெல்லாம் ஒதுக்கிவிடுவேன். ஐந்து வாரமாக ஆண்டவரிடம் கேட்பதாக நினைத்து என்னிடமே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்! ஜெபராஜ் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தேன்.

"ஆபரேஷன் இருக்கிற நாள்ல நான் காளிகாட் காளி கோயிலுக்குப் போய்ட்டுத்தான் வருவேன்" என்றார் டாக்டர். "கை நடுங்கக்கூடாதுன்னு வேண்டிக்குவேன். கத்தியை எங்க வைக்கணும்னு கேட்கமாட்டேன். அதைப் படிச்சிருக்கேன்."

அன்று மாலை டப்பாவைத் தொடவில்லை. "ஆண்டவரே, எனக்கு என் குரல் வேணும். பயமா இருக்கு. ஆனாலும் போறேன், கூட வாரும்" என்றேன். பதில் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நன்றாகத் தூங்கினேன். மறுநாள் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் சொல்வதற்கு ஒரு துதி ஜெபம் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். வந்ததோ "தண்ணி". அதுவும் வெறும் காற்றாக. மூன்று மாதம் அப்படித்தான். லேக் மார்க்கெட்டில் காபித்தூள் கேட்டால் கடைக்காரரும் ஏதோ ரகசியம் போல, "கால் கிலோவா, அரை கிலோவா?" என்று கிசுகிசுப்பார். ஆண்டவரிடம் சண்டை போட்டேன், அதையும் கிசுகிசுப்பாகத்தான் போட்டேன். அவர் என்னோடு இல்லை என்று மட்டும் ஒரு நாளும் தோன்றவில்லை.

நான்காம் மாதம் குரல் வந்தது. ஆனால் பழைய குரல் இல்லை. உச்சம் போய்விட்டது. இப்போது கீழ்க்குரல் வரிசையில் நிற்கிறேன். டிசம்பரில் ஒதுக்கி வைத்த வசனங்களையும் சேர்த்தே அச்சடித்தேன். "எழுந்திரு" வந்த ஓர் அண்ணாச்சி இன்னும் என்னை முறைக்கிறார்.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுவிட்டு அரை மணி நேரம் காபி குடிக்காமல் இருக்க வேண்டும், ஆயுசுக்கும். முன்பு காபிக்கு ஐந்து நிமிடம் தாமதமானாலே சிடுசிடுப்பேன். இப்போது அந்த அரை மணி நேரம் ஆண்டவருக்கும் எனக்கும். எதுவும் கேட்பதில்லை. கழுத்துத் தழும்பில் விரலை வைத்துக்கொண்டு மெல்லப் பாடுவேன், விரலில் அந்த அதிர்வு தெரியும்.

இன்று காலை அடுக்களையிலிருந்து ஜெபராஜ், "ஏ பிள்ள, சுருதி இறங்குது" என்றார்.

"இறங்கட்டும்" என்றேன். "சத்தம் வருதுல்லா?"