படகு மேலேறிய சனிக்கிழமை

சிவில் என்ஜினியரிங் படித்த நாகர்கோவில்காரி ஜெபராணிக்கு அமெரிக்காவில் பார்சிப்பனிக்கு வந்த பிறகு எந்தக் கம்பெனியும் வேலை தரவில்லை. சும்மா இருக்கப் பிடிக்காமல், பக்கத்துக் கால்வாயில் பாழடைந்து கிடந்த லாக்கைச் செப்பனிடும் குழுவில் போய்ச் சேர்ந்தாள். படகைக் கீழ்மட்டத்திலிருந்து மேல்மட்டத்துக்குத் தண்ணீராலேயே தூக்கிவிடும் கல்தொட்டி அது. அதன் புது மரக்கதவுகளை வரைந்து கொடுத்தது அவள்தான்.

1986 கோடையில் ஒரு சனிக்கிழமை ஊரே கரையில் கூடியது. படகை உள்ளே விட்டுக் கீழ்க்கதவுகளைச் சாத்தி, மேலிருந்து தண்ணீரைத் திறந்தார்கள். கதவுகள் சேரும் இடத்தில் தண்ணீர் பீய்ச்சியடித்தது. கூட்டம் முணுமுணுத்தது.

"ஸ்டாப் பண்ணச் சொல்லட்டுமா, ராணி?" என்றார் கணவர் மரிய அந்தோணி.

"வேண்டாங்க. தண்ணி ஏற ஏற அந்த பிரஷரே கதவ இறுக்கிடும். வெயிட் பண்ணுங்க."

பீய்ச்சல் மெலிந்தது, கசிவானது, நின்றே போனது. படகு உயர்ந்துகொண்டே வந்தது. அதிலிருந்த மகள் ஜூடித், "அம்மா, ஐ கேன் சீ யூ!" என்று கையசைத்தாள்.

இரண்டு பக்கத் தண்ணீரும் சமமானதும் ஜெபராணி மேல்கதவின் நீண்ட கட்டையில் முதுகைக் கொடுத்துத் தள்ளினாள். கதவு வழிவிட்டது. கரை முழுக்கக் கைதட்டியது.

"யாரு என்ஜினியர்?" என்று நிருபர் ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"நான்தான்" என்றாள் ஜெபராணி.